ஏழாம் நம்பர் பஸ்ஸின் எஞ்சின்

டென்னசி மலைப்பக்கத்தில் எஞ்சினைப் பற்றிச் சொல்லும் பொய்க்கு இரண்டு திசை உண்டு. பந்தயத்துக்கு நிற்கும்போது எஞ்சின் இளைக்கும். விற்பனைக்கு நிற்கும்போது கொழுக்கும். சனிக்கிழமை பந்தயக் கோட்டில் நின்று, "இது நோஞ்சான்ப்பா, பெட்ரோல் வாசனை பட்டாலே இருமும்" என்று சொன்ன அதே வாய், அடுத்த மாதம் அதே எஞ்சினை விற்க வரும்போது, "பக்கத்து மாநிலத்துல போய்த்தான் பிரேக் பிடிக்கும்" என்று சொல்லும். கேட்பவர்களும் கோபித்துக்கொள்வதில்லை. பந்தயம் என்றால் கேட்டதோடு பாதியைச் சேர்த்துக்கொள்வார்கள், விற்பனை என்றால் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். கணக்கு எப்படியோ சரியாகிவிடும்.

வெர்லின் ஸ்டாம்பர் முதல் வகையில் கரை கண்டவர். இரண்டாம் வகையில் அரிச்சுவடியே தெரியாதவர். வினை வந்தது அங்கேதான்.

அவருக்குத் தொழில் வீடுகளின் கழிவுத் தொட்டிகளை லாரி வைத்து உறிஞ்சுவது. ஊரில் யார் எவ்வளவு பெரிய மனிதர் என்பது அடிவரை தெரிந்த ஒரே ஆள் என்றும் சொல்லலாம். சனிக்கிழமைகளில் தலையில் ஒரு ஓட்டைத் தொப்பியும் துருப்பிடித்த ஒரு நோவா காருமாகப் பந்தயத் திடலுக்குப் போவார். அரைக்கால் மைல் நேர்ச்சாலை, இரண்டு கார்கள், யார் முந்துகிறார் என்பதுதான் பந்தயம். ஆனால் உண்மையான பந்தயம் கார் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பது வெர்லினின் சித்தாந்தம். பலமான கார்க்காரர் பலவீனமான காருக்கு ஒன்றோ இரண்டோ கார் தூரம் முன்னால் இடம் விட்டுக்கொடுப்பது அங்கே வழக்கம். யார் நன்றாக அழுகிறாரோ அவருக்கு நல்ல தூரம்.

வெர்லின் அழுதே ஜெயித்தவர். நோவாவுக்குள் இருந்தது செவர்லேயின் பிக் பிளாக் எஞ்சின், நானூற்று ஐம்பத்து நான்கு கன அங்குலம். பிஸ்டனிலிருந்து வால்வு ஸ்பிரிங் வரை பார்த்துப் பார்த்து வாங்கி, தானே கட்டி எழுப்பியது. எழுநூறு குதிரைகள் அதற்குள் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தன. ஊருக்கு அவர் சொன்னதோ வேறு. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து கழற்றியதாம். ஏழாம் நம்பர் பஸ். முந்நூற்று அறுபத்தாறு. மேடு ஏறப் பிறந்தது, ஓடப் பிறந்ததல்ல. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு எஞ்சினும் ஒரே மாதிரிதான்.

பொய்யை அம்மணமாக வெளியே அனுப்பக்கூடாது என்பதில் அவருக்கு உறுதி உண்டு. எஞ்சின் முழுவதையும் பஸ்ஸின் மஞ்சள் நிறத்தில், அதுவும் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் பிரஷ்ஷால், பூசினார். அது எந்த எஞ்சின் என்று காட்ட அதன் பின்புறம் வார்ப்பிலேயே இருக்கும் எண்களைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். கடைசியாக, ஒரு சூயிங் கம்மை மத்தியானம் முழுக்க மென்று வால்வு மூடியின் ஓரத்தில் ஒட்டினார். யாராவது குனிந்து பார்த்தால், "பிள்ளைங்க வேலை. சுரண்ட மனசு வரலை" என்பார்.

அந்தக் கம்மில் சறுக்கியவர்கள் பலர். அதிகம் சறுக்கியவர் ராய்ஸ் பென்னாக். பென்னாக் கம்பள மாளிகையின் உரிமையாளர். அவர் பந்தயத்துக்கு வருவது கார் போல இருக்காது, கல்யாணம் போல இருக்கும். ஏசி வைத்த நீள டிரெய்லர், அதற்குள் சோபா, சோபாவுக்கு முன்னால் கம்பளம். மூன்று மருமகன்களுக்கும் பெயர் பூத்தையல் போட்ட சட்டை. 'நான்' என்ற சொல்லை அவர் விட்டுப் பல காலமாயிற்று. 'பென்னாக் அணி' என்பார். "பென்னாக் அணிக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லை" என்றுகூடச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இரண்டு கார் தூரம் கொடுப்பது பெருந்தன்மை என்று நினைத்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, நோவாவின் பின்விளக்கைப் பார்த்தபடி அரைக்கால் மைலும் போவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஏப்ரல் புயலில் ஒரு பாப்லர் மரம் நோவாவின் மேல் படுத்தது. கார் அப்பளம். எஞ்சினுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. கம்கூட ஒட்டியபடியே இருந்தது.

வெர்லினின் மனைவி ஆர்டித் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சவப்பெட்டி விற்கும் கடையில் முப்பது ஆண்டாக வேலை செய்பவள், ஆதலால் போனதைப் பார்த்துக் கலங்குவதில்லை. "மரமே தீர்ப்பு சொல்லிட்டுது, வெர்லின். இனிமே சனிக்கிழமை என்னுது" என்றாள்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஏரியில் ஹாய்ட் லெமாஸ்டர் என்ற ஊர்க்காரனின் மிதவைப் படகு விற்பனைக்கு நின்றது. பச்சைக் கூரை, சுற்றிலும் நாற்காலி, ஓரத்தில் சின்னதாக ஒரு அடுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது அப்படி ஒரு படகுதான். வெர்லினும் கல்யாணமான நாளிலிருந்து "பார்க்கலாம்" என்று சொல்லிவந்திருக்கிறார். இந்தத் தடவை வாய் தவறி, எஞ்சினை விற்றால் படகு வந்துவிடும் என்றார். சொல்லி முடிக்குமுன் ஆர்டித் நீல வாத்துகள் போட்ட துணியெடுத்து நாற்காலிகளுக்கெல்லாம் உறை தைத்துவிட்டாள். ஹாய்ட் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை பொறுப்பதாகச் சொன்னான். அதற்குப் பிறகு படகு பாதிரியாருக்கு. அவர் அதில் ஊராருக்கு ஞானஸ்நானமும் கொடுக்கலாம், கெளுத்தியும் பிடிக்கலாம்.

ஆகவே சனிக்கிழமை காலை, கண்காட்சித் திடலில் கூடும் உதிரிபாகச் சந்தையில், வெர்லின் எஞ்சினை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வைத்துப் பக்கத்தில் அட்டை ஒன்றை நட்டார். அட்டையில் இருந்தது முழு உண்மை: நானூற்று ஐம்பத்து நான்கு, எழுநூறு குதிரை, கீழே விலை. படகின் விலைதான் அது. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு நியாயமான விலையும் அதுவே. வாழ்க்கையில் முதல் தடவையாக எஞ்சினைப் பற்றி உண்மை எழுதியிருந்ததால் அட்டையைப் பார்க்கவே அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

முதலில் வந்தவன் டாயில், டயர் கடைக்காரன். வெர்லினோடு தினமும் காலையில் நாஷ்டாக் கடையில் பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிடுகிறவன். அட்டையை ஒரு தடவை படித்தான். சட்டைப்பையிலிருந்து கண்ணாடி எடுத்து மாட்டி மறுபடியும் படித்தான். பிறகு வெர்லினின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"பெருசு, விக்கிறதுலயும் நீ இவ்வளவு கெட்டிக்காரன்னு தெரியாமப் போச்சே. எழுநூறாம். சிரிக்காமயே எழுதியிருக்கே."

"நெஜமாத்தான் சொல்றேன், டாயில். இத்தனை நாளா சொன்னதுதான் பொய்."

"அதேதான். அதே மூஞ்சியோட சொல்லு. அசையாதே, பிடிச்சுக்கோ."

விஷயம் சந்தை முழுக்கப் பரவியது. கூட்டம் வந்தது. எல்லாரும் வெர்லினின் புதிய பொய்யை ரசித்தார்கள், பாராட்டினார்கள், வாங்க மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெர்லின் பிளக் துளை வழியாகக் குச்சியை விட்டு, பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்று அளந்து காட்டினார். பஸ் எஞ்சினுக்கு இத்தனை இருக்காது, நீங்களே பாருங்கள் என்றார். "குச்சி யாருது?" என்று டாயில் கேட்டான். குச்சி வெர்லினுடையதுதான். அதோடு அந்தச் சாட்சி செத்தது. பின்புறம் உள்ள எண்களைப் பார்க்கலாமே என்று ஒருவர் குனிந்தார். தடவிப் பார்த்துவிட்டு, குழந்தை கன்னம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி எழுந்தார்.

கடைசியில் வெர்லின் பேட்டரியை மாட்டி எஞ்சினைக் கிளப்பினார். தரை அதிர்ந்தது. நாலு கடை தள்ளி வேகவைத்த கடலை விற்பவரின் பானை மூடி தானாக இறங்கி நடந்தது. தூரத்தில் நாய்கள் குரைத்தன. வெர்லின் எஞ்சினை அணைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் யோசித்தது.

"பஸ் எஞ்சினுக்கு இது நல்லாவே இருக்கு" என்றான் டாயில். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஏனென்றால் அந்தப் பொய் இதற்குள் வேர்விட்டுக் கிளை பரப்பியிருந்தது. ஏழாம் நம்பர் பஸ்ஸில் போனவர்கள் கூட்டத்தில் பாதிப் பேர். டாயிலுக்கு இந்தச் சத்தம் தெரியுமாம். மூன்றாம் வகுப்பில் கடைசி சீட்டில் உட்கார்ந்து கேட்ட அதே சத்தமாம். இன்னொருவருக்கு அந்தக் கம் தன் தம்பியுடையது என்று பலத்த சந்தேகம். அவரவர் நினைவிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து எஞ்சினில் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

போதாததற்கு மிஸ் ஓப்பல் வந்தாள். ஏழாம் நம்பர் பஸ்ஸைப் பல ஆண்டு ஓட்டி ஓய்வு பெற்றவள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அவள் மஞ்சள் வால்வு மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள், பசுவைத் தடவுவதுபோல்.

"குளிர்ல கிளம்பமாட்டே நீ. எத்தனை திட்டு வாங்கியிருக்கே எங்கிட்ட" என்றாள் எஞ்சினிடம். பிறகு வெர்லினைப் பார்த்து, "காயலான் கடைக்குப் போயிருக்கும்னு நெனச்சேன் தம்பி. இத்தனை வருஷமா காப்பாத்தி வச்சிருக்கியே. நீ நல்லாயிருப்பே" என்றாள். கைக்குட்டையை எடுத்தாள்.

வெர்லின் வாயைத் திறந்தார். உண்மை பல் வரை வந்தது. மிஸ் ஓப்பலின் கண்ணைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது. "நல்ல எஞ்சின், மேடம்" என்று மட்டும் சொன்னார். கூட்டத்துக்கு அது போதும். வாக்குமூலமே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ராய்ஸ் பென்னாக் மூன்று மருமகன்களோடும் வந்து சேர்ந்தார். அட்டையைப் படித்தார். மூத்த மருமகனைப் படிக்கச் சொல்லியும் கேட்டார்.

"வெர்லின், பென்னாக் அணி உன்னை மதிக்குது. ஆனா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க துப்பின எஞ்சினுக்கு இந்த விலையா?" என்று சொல்லி, பஸ் எஞ்சின் விலை ஒன்றைச் சொன்னார். அந்தக் காசுக்குப் படகின் பச்சைக் கூரை வரும். கூரைக்கடியில் படகு வராது.

வெர்லின் மறுத்தார். ராய்ஸ் சிரித்தபடி நகர்ந்தார். ஆனால் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அதை வெர்லின் கவனிக்கவில்லை. பின்னால் லாரியில் உட்கார்ந்து உறைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்த ஆர்டித் கவனித்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் வெர்லின் புலம்பினார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் உண்மை பேசினேன், அதற்கு இந்த ஊர் கொடுத்த மரியாதையைப் பார் என்றார். ஆர்டித் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"நீ அவங்களை வருஷக்கணக்கா நல்லாப் பழக்கிட்டே, வெர்லின். இப்ப நாயி சொன்னபடி கேக்குதுன்னு அழறியே."

ஞாயிறு காலை பிரார்த்தனை முடிந்ததும் மறுபடி சந்தை. சாயங்காலம் நெருங்க நெருங்க வெர்லினின் முகம் அட்டையைவிட வெளுத்தது. பாதிரியார் வேறு அந்தப் பக்கமாக வந்து, படகில் எத்தனை பேர் நிற்கலாம் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்கு மேல் ஆர்டித் நாற்காலியைத் தூக்கி எஞ்சினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வெர்லினிடம் போய் வேகவைத்த கடலை வாங்கி வரச் சொன்னாள். நிதானமாக வாங்கி வரச் சொன்னாள்.

வெர்லின் வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்தபோது ராய்ஸ் பென்னாக் வந்துவிட்டிருந்தார். புருஷன் இல்லாத நேரத்தில் பெண்சாதியிடம் மலிவாக முடிக்கலாம் என்று மருமகன்களைக்கூட விட்டுவிட்டுத் தனியே வந்திருந்தார். அங்கே நடந்தது வெர்லினுக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆர்டித் சொன்னது பாதி, பக்கத்துக் கடைக்காரர் சொன்னது பாதி.

ராய்ஸ் நேற்றைய விலையையே சொன்னாராம். ஆர்டித் உடனே சரி என்றாளாம். ராய்ஸுக்கே கொஞ்சம் திகைப்பு.

"எஞ்சினை அந்த விலைக்கே எடுத்துக்கோங்க, மிஸ்டர் ராய்ஸ்" என்றாளாம் அவள், கடையில் துக்கம் விசாரிக்கும் அதே மெல்லிய குரலில். "கதைக்குத் தனி விலை."

"என்ன கதை?"

"உங்களை ஜெயிச்ச கதை. எஞ்சின் மட்டும் எடுத்தீங்கன்னா நாளைக்குக் காலைல வெர்லின் நாஷ்டாக் கடையில உக்காந்து, இது நானூத்தி அம்பத்திநாலுன்னு பைபிள் மேல கை வச்சுச் சத்தியம் பண்ணுவாரு. பிரிச்சும் காட்டுவாரு. அதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு அடி தூரம் யார் விடுவா? ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கிற மாதிரி உங்ககிட்டயும் ஒரு பெரிய எஞ்சின் இருக்கும். அவ்வளவுதான்."

ராய்ஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாராம்.

"கதையையும் சேத்து எடுத்தீங்கன்னா ஏழாம் நம்பர் பஸ்ஸு, மஞ்சள் பெயின்ட், கம்மு, மிஸ் ஓப்பல் அழுதது எல்லாம் உங்களுது. வெர்லின் சாகற வரைக்கும் பஸ் எஞ்சின்னுதான் சொல்லுவாரு. அதுக்கு நான் பொறுப்பு. பெட்டி ஒரு விலை, மனநிம்மதி ஒரு விலை. எங்க கடையில எப்பவும் அப்படித்தான்."

"அப்போ... இது பஸ் எஞ்சின் இல்லையா?" என்று ராய்ஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்.

"அதைத் தெரிஞ்சுக்கறதுக்கும் காசு குடுத்துட்டீங்கன்னா சொல்றேன்."

வெர்லின் கடலையோடு திரும்பியபோது ராய்ஸ் பென்னாக் அவர் கையைப் பிடித்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி, "பஸ் எஞ்சினை வாங்கிட்டேன், வெர்லின். சும்மா ஒரு பழைய பஸ் எஞ்சின்" என்றார். கண்ணடிக்கவும் செய்தார். கம்பள வியாபாரிக்குக் கண்ணடிக்க வராது. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. ஆர்டித்தின் கைப்பையில் படகு முழுசாக இருந்தது.

வெர்லினுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதோடு ஒரு சின்ன முள்ளும் இருந்தது. எழுநூறு குதிரையைத் தன் கையால் கட்டினேன் என்று ஒரு நாளாவது ஊரறியச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தார். அந்த உரிமையும் சேர்ந்து விலைபோய்விட்டது. லாரியில் ஏறும்போது அதைச் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லு" என்றாள் ஆர்டித். "படகுல போகும்போது சொல்லு. நான் நம்பறேன்."

ராய்ஸ் கதையை வாங்கினாரே தவிர, அதை ஓட்டத் தெரிந்துகொள்ளவில்லை. ஜூன் மாதம் பந்தயத் திடலுக்கு நீள டிரெய்லர் வந்து நின்றது. மருமகன்களின் சட்டையில் இப்போது மஞ்சள் பஸ் ஒன்று பூத்தையலாகியிருந்தது. பளபளவென்று புதுக் கார். அதன் மூடியைத் திறந்தால் உள்ளே வெர்லினின் மஞ்சள் எஞ்சின். பழைய கம் காய்ந்து உதிர்ந்துவிடப்போகிறதே என்று ராய்ஸ் அதன்மேல் கண்ணாடிக் கூண்டு ஒன்று செய்து வைத்திருந்தார். எதிராளியிடம் போய்த் தோளைக் குறுக்கிக்கொண்டு, பென்னாக் அணியிடம் இருப்பது ஏதோ பழைய பஸ் எஞ்சின், இரண்டு கார் தூரம் கொடுத்தால் நல்லது என்று கேட்டார்.

எதிராளி ஆப்பிள் தோட்டக்காரன் ஒருவன். டிரெய்லரை மேலும் கீழும் பார்த்தான்.

"மிஸ்டர் ராய்ஸ், பஸ் எஞ்சினைத் தூக்கிட்டு வர பஸ்ஸைவிடப் பெரிய வண்டி எதுக்கு?"

சாட்சிக்கு வெர்லினை அழைத்தார்கள். வெர்லின் வந்தார், தொப்பியைக் கழற்றினார், வாக்குத் தவறாமல் சொன்னார்: பஸ் எஞ்சின், ஏழாம் நம்பர், முந்நூற்று அறுபத்தாறு. அத்தனை உருக்கமாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தோட்டக்காரன் கேட்டான், தலையை ஆட்டினான், ஓர் அங்குலம்கூட விடமாட்டேன் என்றான். துருப்பிடித்த நோவாவும், ஓட்டுபவர் தலையில் ஓட்டைத் தொப்பியும் இல்லாமல் அந்தக் கதை ஸ்டார்ட் ஆகவில்லை. ராய்ஸ் சமமாக நின்று ஓட்டித் தோற்றார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. அவருக்குத்தான் கிளம்பும் விளக்கு பச்சையானது தெரியவில்லை, கம் உதிர்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை வெர்லின் திடலுக்குப் போகவில்லை. ஏரியில் பச்சைக் கூரைக்கடியில், நீல வாத்துகளின் மேல் உட்கார்ந்து, பொரித்த கெளுத்தி சாப்பிட்டார். ஆர்டித்திடம் பிஸ்டன் விஷயம் முழுதும் சொல்லி முடித்திருந்தார். கேம்ஷாஃப்ட் விஷயம் பாக்கி. அப்போது டாயில் தன் மீன்பிடிப் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். பாலம் வரைக்கும் ஒரு ஓட்டம் பார்க்கலாமா என்றான். பழக்கம் விடுமா.

"அது என்ன மோட்டாரு, பெருசு?"

ஹாய்ட் விட்டுப்போன மோட்டார் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருந்தது. வெர்லின் உண்மையைச் சொன்னார்: "பதினஞ்சு குதிரை. அதுல ரெண்டு நொண்டி."

டாயில் மோட்டாரைப் பார்த்தான். வெர்லினைப் பார்த்தான். பாலத்தைப் பார்த்தான். நெற்றியில் வேர்வை பூத்தது.

"ஒரு அடி விடமாட்டேன்" என்றான். "நீதான் எனக்கு ரெண்டு படகு தூரம் விடணும்."

ஆர்டித் எழுந்தாள், கைப்பையில் துழாவி ஒரு சூயிங் கம்மை எடுத்து வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு குனிந்து, டாயிலுக்கு நன்றாகத் தெரியும்படி, மோட்டாரின் மூடியில் அதை ஒட்டினாள்.